உப்பூர்

உப்பூர் இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்குக் கரையில், பாக் விரிகுடாவை ஒட்டி, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே அமைந்த ஊர். இராமநாதபுரம் நகரிலிருந்து வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பழைய திருவாடானை வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இப்போது இராஜசிங்கமங்கலம் வட்டத்தில் உள்ளது. வெயிலுகந்த விநாயகர் கோயிலால் வெளியூரார்க்கு அறிமுகம். சேது யாத்திரையின் முதல் தலம் என்பது இவ்வூருக்கு வழிவழியாக வந்த பெருமை.

பெயர்

உப்பு விளைந்த ஊர் ஆதலால் உப்பூர். தலபுராண மரபு இதற்கு இலவணபுரம், சூரியபுரி, தவசித்திபுரி, பாவவிமோசனபுரம் என்று பல பெயர்களைத் தருகிறது. வடமொழியில் இலவணம் என்றாலும் உப்புத்தான். தமிழ்ப் பெயரே மூத்தது, இலவணபுரம் அதன் மொழிபெயர்ப்பு என்று கொள்வதே பொருத்தம். மற்ற மூன்றும் கோயில் கதையிலிருந்து பிறந்தவை. ஊர்மக்கள் வாயில் என்றைக்கும் உப்பூர்தான்.

அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழான் மகனார் உருத்திரசன்மர். அந்த உப்பூரிகுடியை இந்த உப்பூரோடு இணைத்துப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் மதுரை என்னும் அடைமொழி முன்னால் நிற்கையில், பெயர் ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு கடற்கரை ஊருக்கு அப்பெருமையை ஏற்றுவது சரியாகாது.

வெயிலுகந்த விநாயகர்

தக்கன் வேள்வியில் கலந்துகொண்ட பாவத்தால் சூரியன் ஒளி குன்றினான். வன்னி மரங்கள் அடர்ந்த இக்காட்டுக்கு வந்து விநாயகரை நோக்கித் தவமிருந்து பாவம் நீங்கினான். தன் ஒளி எந்நாளும் இறைவன் திருமேனியில் படவேண்டும் என்று வரம் கேட்டான் என்பது தலவரலாறு. அதனால் மூலவர்க்கு மேலே விமானமோ கூரையோ எழுப்பப்படவில்லை. வெயிலும் மழையும் பிள்ளையார் தலைமேலேயே விழும். வெயிலை உகந்தவர் என்ற திருநாமம் அவருக்கு அப்படி வந்தது. மழை விட்டதும் கருங்கல் திருமேனியில் ஈரம் பளபளக்கும். சற்று நேரத்தில் வெயில் ஏறி அதைக் காயவைத்துவிடும். இருட்டுக் கருவறையில் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் சாமி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறொரு தரிசனம்.

தட்சிணாயனத்தில் தெற்குப் பக்கமாகவும் உத்தராயணத்தில் வடக்குப் பக்கமாகவும் கதிர் விழும் என்று கோயிலில் சொல்வார்கள். இதை வானக் கணக்கோடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. உப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.6 பாகையில் இருக்கிறது. இந்த அகலாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் 14, 15 தேதிகளை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 28-ஐ ஒட்டி இன்னொரு முறை. இடைப்பட்ட நாலரை மாதம் உச்சிவெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழும். மீதி ஏழரை மாதம் தெற்கிலிருந்து. ஆனி மாதத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே சுமார் 14 பாகை வரை போகும். மார்கழியில் தெற்கே 33 பாகை வரை இறங்கும். ஆகவே பக்கம் மாறுவது அயனம் பிறக்கும் நாட்களில் நிகழாமல், சித்திரைப் பிறப்பிலும் ஆவணியின் இரண்டாம் வாரத்திலும் நிகழ்கிறது. சித்திரை முதல் நாள் நடுப்பகலில் இங்கே நட்ட கோலுக்கு நிழல் இராது. ஆவணியில் அந்த நாள் விநாயகர் சதுர்த்தியை ஒட்டியே வருவதுண்டு. 2025-இல் சதுர்த்தி ஆகஸ்ட் 27. வரம் கேட்ட சூரியன் திருவிழாவுக்கு நேராகத் தலைமேல் வந்து நிற்கிறான் என்று பக்தர் சொன்னால், கணக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது. மேலே கூரையிட வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் வானத்தைக் கூர்ந்து பார்த்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

சதுர்த்தித் திருவிழாவில் சித்தி, புத்தி தேவியரோடு விநாயகர்க்குத் திருக்கல்யாணம் நடைபெறும். பின் தேரோட்டமும் கடலில் தீர்த்தவாரியும். ஆற்றங்கரையிலும் அரசமரத்தடியிலும் தனியாக வீற்றிருக்கும் பிள்ளையாரையே கண்டு பழகிய தமிழ்நாட்டில் பிள்ளையார் கல்யாணம் என்பது சுற்றுவட்டாரத்துக்கே ஒரு கொண்டாட்டம். உலகிலேயே இங்கு மட்டும்தான் என்று சிலர் எழுதுவது மிகை. புதுச்சேரி மணக்குள விநாயகரும் சித்தி, புத்தி சமேதராகவே வழிபடப்படுகிறார். கோயில் இராமநாதபுரம் சமஸ்தானம் தேவஸ்தானத்தைச் சேர்ந்தது.

சேது வழி

சீதையை மீட்க இலங்கை நோக்கிச் சென்ற இராமபிரான் முதலில் உப்பூரில் விநாயகரை வணங்கினார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல் நட்டு நவக்கிரகங்களை வழிபட்டார். பிறகு திருப்புல்லாணியில் தங்கிச் சேதுவுக்குப் போனார். யாத்திரிகர் கடைப்பிடித்த ஒழுங்கும் இதுவே. காசியிலிருந்து கங்கை நீர் சுமந்து இராமேசுவரம் வருவோர் உப்பூரில் தேங்காய் உடைத்துவிட்டு, தேவிபட்டினத்தில் அந்த ஒன்பது கல் நிற்கும் நவபாஷாணத்தில் நீராடி அப்பால் நடந்தார்கள்.

இக்கதையின் அடியில் ஒரு சாலை இருக்கிறது. தஞ்சை மராத்திய மன்னர்கள் சேது யாத்திரிகர்க்காகக் கட்டிய சத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது தெரியும்: ஒரத்தநாடு, இராஜாமடம், மணமேல்குடி, மீமிசல். உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு வந்து, கரையை ஒட்டியே தெற்கே இறங்கும் வழி இது. இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், நாடு கையைவிட்டுப் போனாலும் இந்தச் சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மீமிசலுக்குத் தெற்கே தொண்டி, அதன்பின் உப்பூர், பிறகு தேவிபட்டினம். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் நாட்டுக்குள் இவ்வழி நுழைந்ததும் சோறும் நிழலும் காவலும் அவர்கள் பொறுப்பு. சேதுவுக்குக் காவலர் என்பதே அவர்கள் பட்டப்பெயரின் பொருள். கரைவழி வந்த யாத்திரிகர்க்குச் சேதுத் தலங்களில் முதலாவது உப்பூர். எந்தக் காரியத்தையும் பிள்ளையாரில் தொடங்குவது தமிழர் வழக்கம். சேது யாத்திரையின் பிள்ளையார் சுழி இங்கே விழுந்ததற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம்.

1902-இல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. யாத்திரிகர் கூட்டம் மானாமதுரை, பரமக்குடி வழியாக வண்டியிலேயே இராமேசுவரம் போய் இறங்கியது. கால்நடையாக வந்தவர்களை நம்பி வாழ்ந்த கரைவழி ஊர்களுக்கு இது பேரிழப்பு. உப்பூர் தன் பழைய இடத்தை இழந்ததற்குப் புயலையும் பஞ்சத்தையும் தேடவேண்டியதில்லை. தண்டவாளம் வேறு பக்கமாகப் போனதே போதும். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பின்பே வெளியூர் வண்டிகள் மீண்டும் இங்கே நின்றன.

உப்பும் நெல்லும்

ஊரின் மேற்கே இராஜசிங்கமங்கலம் கண்மாய். பாண்டியன் இராஜசிம்மன் பெயரைத் தாங்கிய இது தமிழகத்தின் மிகப் பெரிய கண்மாய்களில் ஒன்று. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இதைச் சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரையால் பறந்து கடக்க முடியாத நீளமும் நாற்பத்தெட்டு மடைகளும் கொண்டது என்று பொருள். திருவாடானைச் சீமை மாவட்டத்தின் நெற்களஞ்சியம். ஆக ஒரு பக்கம் நெல், மறுபக்கம் உப்பு. வண்டியில் உப்பு ஏற்றிப்போய் நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அந்தப் பண்டமாற்றுக்கு இதைவிட வாய்ப்பான நிலம் அரிது.

உப்பு எடுப்பது வெயிலை அறுவடை செய்யும் வேலை. மாசி, பங்குனி வாக்கில் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி நீர் கட்டுவார்கள். உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவில் கடல்நீர் 3 டிகிரி. பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால், நீரின்மேல் மெல்லிய ஆடைபோல உப்பு பூக்கும். காற்று சற்று அசைந்தால் அந்த ஆடை உடைந்து அடியில் அமரும். பலகையால் வாரிக் குவித்தால் முதலில் சாம்பல் நிறம். நீர் வடிந்தபின் கண் கூசும் வெள்ளை. மிச்சமாகும் கசப்பு நீரை, 30 டிகிரிக்கு விடாமல், நஞ்சோடை என்று வெளியே தள்ளிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் கரைந்து வேலை நின்றுபோகும். வானம் மூடாதிருக்க வேண்டும் என்பதுதான் உப்பளத்து மக்களின் வேண்டுதல். அப்படிப்பட்ட கரையில் வெயிலை உகந்த சாமி குடிகொண்டிருப்பது தற்செயல் என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை.

1805-இல் சென்னை மாகாணத்தில் கும்பெனியார் உப்பைத் தங்கள் ஏகபோகம் ஆக்கினர். அதுமுதல் சேற்றில் தானாக விளைந்த உப்பை ஒரு கை அள்ளுவதுகூடக் குற்றம் ஆயிற்று. 1930-இல் வேதாரண்யத்தில் இராஜாஜி உப்பு அள்ளியபோது, இதே பாக் விரிகுடாக் கரையோரத்து ஊர்களுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உப்பு வரி 1947-இல் நீங்கியது. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளம் மாவட்டத்தின் தென்கரையில், வாலிநோக்கத்தில் அமைந்தது. வடகரையில் திருப்பாலைக்குடி பக்கத்துப் பாத்திகள் சிறு அளவிலேயே நீடிக்கின்றன.

ஆட்சியும் அக்கம்பக்கமும்

1803-இல் சேது நாடு ஜமீன் ஆனது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்முறை ஒழிந்தது. 1985-இல் சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. வட்டாரத்தில் மூன்று சமயத்தாரும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். கிறித்தவ மறைப்பணியாளர் அருளானந்தர் 1693-இல் உயிர்நீத்த ஓரியூர் வடக்கே திருவாடானைப் பகுதியில் உள்ளது. அவ்வூர்ச் செம்மண்ணை எடுத்துச் செல்வோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. தேவிபட்டினமும் திருப்பாலைக்குடியும் கடலோடிய முசுலிம் குடும்பங்களின் ஊர்கள்.

இன்றைய நிலை

மோர்ப்பண்ணை முதலிய பக்கத்துக் குப்பங்களில் மீன்பிடித்தலும் உள்நாட்டில் நெல், மிளகாய்ச் சாகுபடியும் முதன்மைத் தொழில்கள். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாடு மின்வாரியம் இங்கே தலா 800 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளுடன் அனல்மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டு வேலையும் தொடங்கியது. கடலுக்குள் நீளும் கட்டுமானம் வலைத்தொழிலைக் கெடுக்கும் என்று மீனவர் போராடினர். அவர்கள் அச்சம் நியாயமானது. 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது.

உப்பூரைப் பற்றி அச்சில் உள்ளவை பெரும்பாலும் கோயில் வரலாறே. எந்தப் பாத்திக்கு என்ன பெயர், யாத்திரிகர் தங்கிய இடம் எது, எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும் என்பதெல்லாம் முதியவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. இவ்வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தம் மாணவர்களை அவர்களிடம் அனுப்பி எழுதிவாங்கி வைக்கவேண்டும்.