தூணில் ஓவியம், ஏட்டில் எழுத்து

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலைக் கண்டவர்கள் அதன் தூண்களிலுள்ள ஆடல் மகளிரை மறந்திருக்க மாட்டார்கள். அணிகலன்களே ஆடையெனத் தோன்ற, இடை நெளிய அவர்கள் ஆடுகின்றனர். புலனடக்கம் போற்றிய சமணர்களின் கோயில் அது! ஒன்பதாம் நூற்றாண்டில் அதற்குத் திருப்பணி செய்தவர் மதுரையாசிரியன் இளங்கௌதமன் என்று கல்வெட்டுக் கூறுகிறது.

ஓவியனுக்குக் கிடைத்த உரிமை எழுத்தாளனுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1868இல் இங்கிலாந்தில் பிறந்த தீர்ப்பொன்று, தீய எண்ணத்துக்கு இடங்கொடுக்கும் மனமுடையவர் கையில் நூல் சிக்கினால் அவர் கெடுவாரா என்பதையே அளவுகோலாக்கிற்று. வலுவற்ற வாசகனே நீதிபதியாகிவிட்டான். டி. எச். லாரன்சு 1928இல் வெளியிட்ட ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ 1960இல் இலண்டனில் விடுதலை பெற்றது. ஆயினும் அதை விற்ற பம்பாய்ப் புத்தக வணிகரின் தண்டனையை நம் உச்ச நீதிமன்றம் 1964இல் உறுதிசெய்தது. அப்பழைய அளவுகோலை அது கைவிட்டது 2014இல்தான்.

அவ்வாண்டின் இறுதியில், பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. பிள்ளைப்பேறில்லாத பொன்னாவின் உடலை ஊரார் எவ்வாறு பழித்தும் அளந்தும் நோகச்செய்தனர் என்பதே அக்கதையின் வேதனை. தம் ஊர்ப் பெண்களுக்கு இழுக்கு நேர்ந்ததெனத் திருச்செங்கோட்டார் பலர் கொதித்தனர். அவர்கள் மனப்புண்ணை நான் எள்ளவில்லை. ஆனால் 2015 சனவரியில், நீதிமன்றம் தடைசெய்யாத நூலை, அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் ஆசிரியரே திரும்பப் பெற நேர்ந்தது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், விரும்பாதவர் நூலை மூடிவைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்நாளில் என் பள்ளி ஆசிரியை ஒருவர் அந்நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியன் என்ற அதிகாரத்தால் அதை வாங்கி என் அலமாரியில் பூட்டினேன். நானோ அதில் ஒரு பக்கமும் படித்தவனல்லன். ஓய்வு பெறும் நாளில் திருப்பிக் கொடுத்தபோது, “படித்தீர்களா, ஐயா?” என்றார் அவர். எனக்கு விடையில்லை. பிறகு படித்தேன், பொன்னாவுக்காக வருந்தினேன்.

மதுரையாசிரியனும் ஆசிரியர், நானும் ஆசிரியன். அவர் திருப்பணி செய்த கோயிலில் ஆடல் மகளிர் இன்றும் ஆடுகின்றனர். நான் செய்ததோ, ஒரு பெண்ணின் துயரத்தைச் சில ஆண்டுகள் இருட்டில் வைத்ததுதான். படிக்குமுன் பூட்டுவது ஆசிரியத் தொழிலாகாது.