கண்டி மலைச்சாலையும் மொறிஸ் மைனர் வண்டியும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், கடுகண்ணாவைக் கணவாயை ஏறுவோர் கண்களில் இரண்டு பழம்பொருள்கள் தென்படும். ஒன்று குடையப்பட்ட பாறை. மற்றது, அப்பாதையமைப்பில் உழைத்து 1829ஆம் ஆண்டில் மறைந்த கப்டன் டோசனின் நினைவாக எழுந்த கோபுரம். மூன்றாவதொன்றும் உண்டு. அதனை வரலாற்றாசிரியர் பொருட்படுத்துவதில்லை. ஏற்றத்தில் முனகிக்கொண்டு, பின்வரும் லொறிகளுக்கு வழிவிட்டு ஓரமாக ஏறிச்செல்லும் மொறிஸ் மைனர் வண்டியே அது. பிறந்த நாட்டில் 1970களின் தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுபோன அவ்வண்டி, கண்டியிலும் சூழவுள்ள ஊர்களிலும் நெடுங்காலம் அன்றாட வாகனமாய் ஓடியமைக்குக் காரணம் யாது?

முதலிற் பாதையை நோக்குதல் தகும். மலையைக் குடைந்து வழிசெய்வோர்க்கே கண்டி இராச்சியம் பணியும் என்றோர் ஐதீகம் முற்காலத்தில் வழங்கிவந்தது. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், படைகளை விரைந்து நடத்தும்பொருட்டு, தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில் இச்சாலையை அமைத்தனர். 1832இல் இதன்மீது குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடிற்று; 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. படைக்கும் மாட்டு வண்டிக்குமென வகுக்கப்பட்ட அவ்வழியின் வளைவுகளிலேயே பின்னர் மோட்டார் வண்டியும் ஏற வேண்டியதாயிற்று. தேயிலைத் தோட்டங்களுக்குப் பிரியும் கிளைப்பாதைகளோ இன்னும் ஒடுங்கியவை. அத்தகைய வழிகளில் நீண்டகன்ற வண்டியைத் திருப்புவதே பெரும்பாடு. 747 கனசென்ரிமீற்றர் இயந்திரங்கொண்ட பேபி ஒஸ்ரின் போன்ற சிறு வண்டிகளுக்கு இம்மலைநாடு இயல்பாகவே இடமளித்தது எனலாம்.

உலகில் விசித்திர வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1910ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயச் செல்வர் ஒருவர், அன்னப்பறவை வடிவில் வண்டியொன்று செய்வித்து, அதன் அலகிலிருந்து நீராவி சீறுமாறு அமைத்துத் தெருவிற் கூடிய மக்களை வெருட்டினார். போருக்குப் பிந்திய ஐரோப்பாவிலோ முன்புறமே கதவாய்த் திறக்கும் இசெற்றா என்னும் முட்டை வடிவ வண்டி தோன்றிற்று. முன்னது செல்வச் செருக்கின் விளையாட்டு. பின்னது எரிபொருட் செலவுக்கு அஞ்சியோர் கண்ட உபாயம். மொறிஸ் மைனர் பிறந்தபோது இவ்விரு வகையிலும் சேராத சாதாரண வண்டியே.

ஆயினும் அதன் பிறப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிப்பட்டது. அதற்குச் சிறிது காலத்திற்கு முன்னர், மாதிரி வண்டி ஒடுக்கமாய் இருப்பதாக அவருக்குத் தோன்ற, அதனை நீளவாட்டில் இரண்டாய் அறுத்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். முன்னரே செய்துவைத்த பம்பர்கள் போதாமற்போகவே, அவற்றையும் நடுவில் அறுத்து இடையே ஒரு துண்டைப் பொருத்தினர். தொழிலதிபர் நஃபீல்ட் பிரபு இவ்வண்டியை நீரில் அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்பர். அவர் இகழ்ந்த வண்டி பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று! 1952 முதல் பொருத்தப்பட்ட 803 கனசென்ரிமீற்றர் இயந்திரம் சமவெளியில் மந்தமானது. ஆனால் அதனோடு இணைந்த தாழ்ந்த கியர் விகிதம் மலையேற்றத்திற்கு இசைந்தது. குறுகிய வளைவுகளுக்கு அதன் துல்லியமான ஸ்டியரிங் பெரிதும் உதவிற்று.

இவையெல்லாம் வண்டி வந்தமைக்குக் காரணங்களாகலாம், நிலைத்தமைக்கு ஆகா. 1960களின் தொடக்கத்தில் அன்னியச் செலாவணி நெருக்கடி முற்ற, மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டியையே ஓட்டுவதன்றி வேறு வழி பலருக்கில்லை. உதிரிப்பாகமும் அரிதாயிற்று. லேத்துப் பட்டறையிற் கடைந்த துண்டும், உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய உறுப்பும், பிற்காலத்தில் யப்பானிய இயந்திரமும் பழைய கூட்டினுள் புகுந்தன. அசலில் எஞ்சியது சில வண்டிகளில் தகரம் மட்டுமே. இதனைப் பழமைப் பற்று என்று போற்றுவோர் உளர், அது பிழை. பற்றன்று, பற்றாக்குறையே இவ்வண்டிகளைக் காத்தது. டிங்கர் வேலைக்காரரும் மெக்கானிக்குகளுமே அக்காலத்தின் உண்மையான பொறியியலாளர்; அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

வண்டியின் வயதை அதன் எண்தகடே கூறும். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. முதலிய ஆங்கில எழுத்துக்களைத் தாங்கியவை முந்தியவை. 1957 முதல் அவற்றினிடத்தைச் சிங்கள ஸ்ரீ பிடித்தது. அவ்வோரெழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்திற்று. எழுத்தை அழிப்பதும் தார் பூசுவதுமாய் மூண்ட பகை 1958ஆம் ஆண்டுக் கலவரத்திற்கு முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. இன்று பழைய வண்டி சேர்ப்போர், எண்தகட்டின் வரிசையை மட்டுமே பார்த்து விலை பேசுகின்றனர்.

1991இல் காலிக்கு அருகே தனபால சமரசேகர என்பவரும், இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சாள்ஸ் வெயரும் சேர்ந்து டியூரபிள் கார் கம்பனியைத் தொடங்கினர். மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகட்டுறுப்புக்கள் அங்கே கையாற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. ஒருகாலத்தில் வண்டியை அனுப்பிய நாடு, அதற்கு ஒட்டுப்போட இலங்கைத் தொழிலாளரின் கைகளை நாடிற்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025இலேயே நீங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிற்று; பட்டறைகளில் ஒதுக்கிவைத்த வண்டிகளுக்கும் மறுபடி கேள்வி உண்டாயிற்று.