முதலமைச்சரைத் தோற்கடித்த தொகுதி: பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூரும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்தை எட்டுவதற்கு முன்னால் சேரப்பணஞ்சேரி வருகிறது. இன்று அவ்வழியே போகிறவர் கண்ணில் படுவது கண்டெய்னர் லாரிகளும், ஷிப்டு முடிந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகளும்தான். அறுபது ஆண்டுகளுக்கு முன் இது ஏரிப்பாசன நாடு. மழை பெய்து ஏரி நிரம்பினால் நெல், பொய்த்தால் கஞ்சி. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் இந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி ஒரு முதலமைச்சரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, பிறகு அவரையே வீட்டுக்கும் அனுப்பியது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலைப் பேசும்போது எல்லோரும் காமராஜர் தோற்ற விருதுநகரைச் சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை யாரும் நின்று பார்ப்பதில்லை. அங்கே கிடைத்த தீர்ப்புதான் ஆட்சியைப் பற்றிய தீர்ப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

மீ. பக்தவத்சலம் 1897 அக்டோபர் 9 அன்று பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்த அவரைச் சிற்றப்பன்மார் வளர்த்தனர். அவர்களில் ஒருவரான சி. என். முத்துரங்க முதலியார் காங்கிரஸ் இயக்கத்தில் பெயர் பெற்றவர். பக்தவத்சலம் சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டார். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது அவரைச் சிறைப்படுத்தி அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் அவரைக் கண்டிப்பான நிர்வாகி என்று மட்டும் நினைவுகொள்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. அவர் சிறை கண்டவர். பதவிக்காகக் கதர் உடுத்தியவர் அல்லர்.

1937 தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சட்டமன்றம் சென்று, ராஜாஜி அமைச்சரவையில் பார்லிமெண்டரி செயலாளராக இருந்தார். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை கிடைத்தது. ஓமந்தூராரும் குமாரசாமி ராஜாவும் முதல்வர்களாக வந்தபோதும் அத்துறை அவரிடமே இருந்தது. 1948இல் கீழ்பவானி அணை வேலை தொடங்கியது அக்காலத்தில்தான். பிறகு 1952 தேர்தல். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தலில் குமாரசாமி ராஜாவோடு அமைச்சர்கள் பலரும் வீழ்ந்தனர்; பக்தவத்சலமும் அவர்களில் ஒருவர். வரி கட்டியவரும் படித்தவரும் மட்டும் வாக்களித்த காலத்தில் வென்றவர், எல்லோரும் வாக்களித்தபோது தோற்றார். அவருடைய வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு முரண் பெரிதும் உதவுகிறது என்று நினைக்கிறேன்.

1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து சி. சுப்பிரமணியம் நின்றபோது, சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றவர் பக்தவத்சலம். வெற்றிபெற்ற காமராஜர் இருவரையும் தம்முடைய எட்டுப்பேர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எதிர்த்தவரின் திறமையை அரசுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மை பின்னாளில் அரிதாகிவிட்டது.

1957இல் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் நின்று வென்று உள்துறை அமைச்சரானார். அதே தேர்தலில் பக்கத்துக் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணாதுரை சட்டமன்றத்துக்குள் நுழைந்தார், தி.மு.க.வுக்கு அப்போது 15 உறுப்பினர்கள். அடுத்தடுத்த தொகுதிகள், ஒரே மாவட்டம், ஒரே ஏரித் தண்ணீர். ஒருவர் கோப்புகளையும் சட்டப் பிரிவையும் நம்பினார். மற்றவர் மேடையையும் பேச்சையும் நம்பினார். 1962இல் அண்ணா காஞ்சிபுரத்தில் காங்கிரசின் நடேச முதலியாரிடம் தோற்றார். பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் மீண்டும் வென்றார். ஆனால் தி.மு.க. 50 இடங்களுடன் திரும்பியது. காங்கிரசின் காலடியில் மண் சரியத் தொடங்கிவிட்டது, அண்ணாவின் தோல்வி அதைச் சிறிது காலம் மறைத்துவைத்தது.

மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி காமராஜரே விலக, 1963 அக்டோபர் 2 அன்று பக்தவத்சலம் முதலமைச்சரானார். அவருக்குக் கிடைத்த மூன்றரை ஆண்டுகளும் கடினமானவை. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலையில், அதற்கு முந்தைய நாளே மாணவர் போராட்டம் மூண்டது. முதலமைச்சர் அதை ஒரு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே அணுகினார். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது, ராணுவமும் வரவழைக்கப்பட்டது. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அளகேசன் செங்கற்பட்டு நாடாளுமன்ற உறுப்பினர். ஒரே மாவட்டத்து மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் கடிதம் எழுதினார், மற்றவரான முதலமைச்சர் தடியடியை நம்பினார். வழக்கறிஞராகப் பழகிய மனம், ஓர் இளைஞனின் மொழிப்பற்றையும் குற்ற வழக்கின் கண்ணோடு பார்த்துவிட்டது. அவரை மதிக்கும் நானும் இதை மன்னிக்க இயலாத தவறு என்றே சொல்வேன்.

அதற்கு மேல் அரிசி. 1965லும் 1966லும் நாடெங்கும் மழை தவறியது. சென்னை மாநிலத்தில் அரிசி கிடைப்பதே பாடாக இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது, பக்தவத்சலத்தை அண்ணாச்சி என்று விளித்து அரிசி விலை என்னவாயிற்று என்று கேட்ட முழக்கம் சந்துபொந்தெல்லாம் ஒலித்தது. ஸ்ரீபெரும்புதூர்த் தோல்வியை மொழிப்போரின் விளைவாக மட்டும் விளக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கால்வாய்ப் பாசனம் இல்லாத, மழையை மட்டும் நம்பிய ஏரிக்கரை ஊர்களில் அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். மொழி மாணவரைத் தெருவுக்கு அழைத்தது. காலியான அடுக்களை அவர்களின் தாய்மாரை வாக்குச்சாவடிக்கு அழைத்தது.

1967 தேர்தலில் தி.மு.க.வின் து. ராஜரத்தினம் முதலமைச்சரை 8,926 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 வாக்குகளில். ஏறத்தாழ ஏழு மடங்கு! காமராஜர் 1963க்குப் பிறகு ஆட்சியில் இல்லை. அவர் தோல்விக்காக எதிர்முகாமிலும் வருந்தினார்கள். பக்தவத்சலத்துக்காக அப்படி வருந்தியவர் குறைவு. ஆட்சி நடத்தியவர் அவர். மூன்றரை ஆண்டுக் கணக்கை மக்கள் அவரிடமே தீர்த்துக்கொண்டார்கள். 234 இடங்களில் தி.மு.க. 137, காங்கிரஸ் 51. மார்ச் 6 அன்று அண்ணா பதவியேற்றார். செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர் ஒருவரிடமிருந்து அதே மாவட்டத்துக்காரர் ஆட்சியைப் பெற்றுக்கொண்டார். அதன்பின் இம்மாநிலத்தில் காங்கிரஸ் முதலமைச்சர் வரவேயில்லை. பக்தவத்சலம் 1987இல் மறைந்தார். கிண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

தொகுதியின் கதை வேறு திசையில் நடந்தது. 1970களில் நடந்த மறுவரையறைக்குப் பின் ஸ்ரீபெரும்புதூர் தனித்தொகுதியாயிற்று. நிலமும் குடும்பப் பெயரும் உள்ளவர்கள் போட்டியிட்ட இடத்தில், அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் வேட்பாளர்களாயினர். என் பார்வையில் 1967ஐ விட இது ஆழமான மாற்றம், இதைப் பற்றி எழுதப்பட்டிருப்பதோ மிகக் குறைவு. டி. யசோதா என்ற பெண்மணி 1980, 1984, 2001, 2006 என நான்கு முறை இங்கே வென்றார். பக்தவத்சலம் இத்தொகுதியில் வென்றது இரண்டே முறை.

யசோதாவின் முதல் இரண்டு வெற்றிகளுக்கும் அடுத்த இரண்டுக்கும் இடையில் ஊரே மாறத் தொடங்கியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. பக்தவத்சலத்தின் காலத்தில் வேட்பாளர்கள் நெல் விலையையும் ஏரி மதகையும் பேசி வாக்குக் கேட்ட ஊர்களில், இப்போது ஒப்பந்தத் தொழிலாளர், பட்டா, நிலம் எடுப்பு, குடிதண்ணீர் என்பவை பேச்சாகின்றன. சேரப்பணஞ்சேரிப் பக்கத்தில் வாடகை அறைகளில் நான்கைந்து பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு வாக்கு விழுப்புரத்திலோ, திருவண்ணாமலையிலோ, பீகாரிலோ இருக்கிறது. தேர்தல் வந்தால் பேருந்தோ ரயிலோ பிடித்து அங்கே போய்விடுகிறார்கள்.