படக்கதையைப் பெற்ற பள்ளி ஆசிரியர்

மாணவன் பாடநூலின் நடுவே படக்கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிப்பதும், ஆசிரியர் அதனைப் பறித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவதும் நம் வகுப்பறைகளுக்குப் புதியவை அல்ல. அவ்வாறு பறிக்கும் ஆசிரியர்களுள் எத்தனை பேர், அக்கலைக்கு உருக்கொடுத்தவரும் ஓர் ஆசிரியரே என்பதை அறிவர்?

அவர் பெயர் ரொடோல்ப் டோப்பர். சுவிட்சர்லாந்தின் ஜினீவா நகரில் 1799-ஆம் ஆண்டு ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலையே மேற்கொள்ள விழைந்தார், கண்நோய் குறுக்கிட்டது. ஆசிரியரானார், 1820-களில் விடுதியோடு கூடிய சிறுவர் பள்ளியொன்றை நிறுவினார். 1827-இல், காதலில் மதிமயங்கிய ஒருவரின் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஓரிரு வரி எழுதினார். அதனை முதலில் சுவைத்தவர்கள் அவருடைய மாணாக்கர்களே. படங்காட்டிப் பாடஞ்சொல்லும் முறை அதற்கும் முந்தியதுதான். கொமேனியஸ் 1658-இலேயே படத்தோடு லத்தீன் சொற்களைக் கற்பிக்க நூல் செய்தார். ஆயினும் அவை தனித்தனிப் படங்கள், தொடர்ந்து செல்லும் கதையல்ல.

டோப்பரின் கையெழுத்துப் படிகள் நண்பர் வாயிலாக, எண்பது வயது கடந்திருந்த ஜெர்மானியப் பெருங்கவி கதேயிடம் சென்றன. முதியவர் அவற்றைச் சிறிது சிறிதாகப் பார்த்து மகிழ்ந்து மனமாரப் பாராட்டினார். அத்தகைய பாராட்டு நமக்குக் கிடைத்திருந்தால் மறுநாளே அச்சகத்துக்கு ஓடியிருப்போம்! டோப்பரோ தயங்கினார். 1832-இல் ஜினீவாக் கல்விக்கழகத்தில் பேராசிரியப் பதவி கிடைத்திருந்தது. பேராசிரியர் கேலிப்படம் வரைவதா என்று ஊரார் பேசுவரே! முதற் கதையை 1833-இல் அச்சிட்டும், 1835-இல்தான் வெளியே விட்டார்.

அச்சிட்ட முறையும் கருதத்தக்கது. தாளில் பிசுக்கு மையால் வரைந்து, அதனை அப்படியே கல்லின்மேல் ஒற்றியெடுத்துப் படி எடுப்பார்கள். ஆகவே படமும் எழுத்தும் ஒரே கையின் கோடுகளாய் அமைந்தன. சொல்லின்றிப் படம் தெளிவாகாது, படமின்றிச் சொல் பொருள்படாது என்பது அவர் கருத்து. ஆசிரியர்களாகிய நமக்கு இதுவே முக்கியம். ஏனெனில் பின்னாளில் எழுந்த வழக்கு இதைப் பற்றியதே.

அமெரிக்காவில் 1941-இல் சூப்பர்மேனை வைத்து மொழிப் பயிற்சி நூல் உண்டாயிற்று. 1944 டிசம்பரில் கல்விச் சமூகவியல் இதழொன்று, படக்கதைக்கென்றே தன் பக்கங்களை ஒதுக்கிற்று. நான்கே ஆண்டுகளில் காற்று மாறியது. 1948-இல் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டே படக்கதைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-இல் மனநோய் மருத்துவர் பிரெடரிக் வெர்த்தம், இவை குற்றங்களுக்கு வித்திடுகின்றன என்று நூல் எழுதினார்; பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதி வகுத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 1955-இல் சட்டமே வந்தது. அவர் காட்டிய சான்றுகளில் பல திரித்தும் மிகைப்படுத்தியும் எழுதப்பட்டவை என்பதை, அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து கரோல் டில்லி 2012-இல் வெளிப்படுத்தினார். அதற்குள் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

எனினும் வெர்த்தமின் குற்றச்சாட்டுகளுள் ஒன்றை நான் எளிதில் தள்ளமாட்டேன். படக்கதை படிக்கும் சிறுவன் சொற்களைத் தாவிவிட்டுப் படங்களை மட்டும் மேய்கிறான் என்றார் அவர். அத்தகைய சிறுவர்களை நாமும் கண்டிருக்கிறோம். வகுப்புக்குப் படக்கதை ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன், அதன் சொற்களை ஒரு தாளால் மறைத்துப் பாருங்கள். சொல்லின்றியே கதை முழுதும் விளங்கினால், அங்கே வெர்த்தம் சொன்னதே நிகழும். டோப்பரின் கதைகளில் தாளை வைத்தால் நாலாவது கட்டத்திலேயே வழி தவறிவிடுவோம்; தாளை எடுத்துச் சொல்லைப் படித்தே ஆகவேண்டும்.