மறதிநோயாளரின் வாக்கர் பயன்பாடு: மதிப்பீட்டு முறைகள் வளர்ந்த வரலாறு

டிமென்ஷியா என்னும் மறதிநோய் கண்ட முதியவர்கள் மற்ற முதியவர்களைவிட அடிக்கடி விழுகிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநில முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, மறதிநோய் உள்ளவர் ஆண்டுக்குச் சராசரியாக 4.05 முறையும் இல்லாதவர் 2.33 முறையும் விழுந்ததாகக் கணக்கிட்டது. விழுந்துவிடுவாரோ என்ற பயம் வந்ததுமே குடும்பத்தார் நாடுவது வாக்கரை. ஆனால், அதை அவர் பத்திரமாகக் கையாள்வாரா என்று சோதிப்பதற்கென்றே ஒரு முறை மிகத் தாமதமாகத்தான் உருவானது. முதியோர் நடையை அளக்கும் சோதனைகள் வளர்ந்த விதமே இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1986இல் மத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் மூவரும் எளிய சோதனையொன்றை வெளியிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, சற்றுத் தூரம் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பார்ப்பவர் தம் கண்ணை நம்பி ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார். ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறுகிறதே என்ற குறையைத் தீர்க்க, 1991இல் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் கண்ணின் இடத்தில் கடிகாரத்தை வைத்தார்கள். மூன்று மீட்டர் போய் வர எத்தனை விநாடி என்பதே அளவானது. செலவில்லாத, எங்கும் செய்யக்கூடிய சோதனை என்பதால் அது உலகெங்கும் பரவியது. அதற்குச் சற்று முன்பு, 1989இல், கனடாவின் கேத்தரின் பெர்க் உருவாக்கிய சமநிலை அளவுகோலும் (14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண்) அவ்வாறே நிலைபெற்றது.

இரண்டிலும் வாக்கருக்கு என்ன இடம் என்று பார்த்தால் சிக்கல் புரியும். பெர்க் அளவுகோல் துணைக்கருவி இல்லாத உடலின் சமநிலையைப் பார்க்கிறது. விநாடிச் சோதனை வழக்கமான கருவியோடு நடக்க அனுமதிக்கிறது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. சக்கர வாக்கரில் பிரேக் போடாமல் தடாலென்று உட்கார்பவர் நல்ல நேரத்தில் முடித்துவிடலாம். நிதானமாகப் பிரேக் போட்டு, கைப்பிடியைத் தடவிப் பார்த்து உட்கார்பவருக்கு நேரம் கூடுகிறது. மறதிநோயாளரைப் பொறுத்தவரை இது சிறிய குறையல்ல என்றே கருதுகிறேன். அவசரமும் ஆபத்தை உணராமையும் அந்த நோயின் கூறுகளாகவே வரக்கூடியவை.

அடுத்த திருப்பம் கவனத்தைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. 1992இல் ரைட்டும் கெம்ப்பும், நடந்துகொண்டிருப்பவருக்கு வேறொரு வேலையும் கொடுத்து, அதற்கு அவர் எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுகிறார் என்று பார்த்தார்கள். வாக்கர் பிடித்ததும் எதிர்வினை தாமதமானது. தூக்கித் தூக்கி வைக்கும் சக்கரமில்லாத வாக்கரில் தாமதம் இன்னும் அதிகம். வாக்கர் உடலைத் தாங்குகிறது, ஆனால் மூளையிடம் கூடுதல் கவனத்தைக் கேட்கிறது என்பது இதில் தெளிவானது. 1997இல் சுவீடனின் லுண்டின்-ஓல்சன் குழு, காப்பக முதியவர்கள் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தது. பதில் சொல்வதற்காக நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நிற்காமல் நடந்த 46 பேரில் விழுந்தவர்கள் 11 பேர். கவனத்தைப் பங்கிடும் திறனே மறதிநோயில் குன்றுவது என்பதால், இந்த எண்கள் வாக்கர் விஷயத்தில் கூடுதல் கனம் பெறுகின்றன.

2005இல் பட்டேனியும் மாக்கியும் துணைக்கருவிகளின் நன்மையோடு தீமையையும் தொகுத்து ஆராய்ந்தார்கள். தடுமாறும்போது சட்டென்று பக்கவாட்டில் எடுத்து வைக்கும் கால், வாக்கரின் சட்டத்திலேயே மோதக்கூடும். 2009இல் வெளியான அமெரிக்கக் கணக்கு, வாக்கரோடும் கைத்தடியோடும் தொடர்புடைய விழுகைக் காயங்களுக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 47,312 முதியவர்கள் அவசரப் பிரிவுக்கு வந்ததாகவும், அதில் 87 விழுக்காடு வாக்கர் சார்ந்ததாகவும் மதிப்பிட்டது. பலவீனமானவர்களே வாக்கர் பிடிக்கிறார்கள் என்பதால், முழுப் பழியையும் கருவியின்மேல் போட முடியாது. ஆயினும், கொடுத்தால் போதும் என்ற நிலை இதன்பின் நியாயமற்றதாகிவிட்டது.

இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட சுவீடன் பெண்மணி ஐனா வீஃபால்க் 1978இல் உருவாக்கிய உருளும் வாக்கரின் வழிவந்த நான்கு சக்கர வகை, தூக்கும் சிரமத்தைப் போக்கியது. கூடவே பிரேக் என்ற புதிய பொறுப்பையும் தந்தது. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஹன்டரும் உடன் பணியாற்றியவர்களும், அல்சைமர் நோயாளர் கருவியோடு நடக்கையில் ஏற்படும் கவனச் சுமையை 2017இல் ஆராய்ந்தனர். 2020இல் நான்கு சக்கர வாக்கருக்கென்றே 'சுமாக்' என்ற சரிபார்ப்புப் பட்டியல் வெளியானது. ஒன்பது செயல்களில் உடலியக்கத்துக்குத் தனியாகவும் கருவியைக் கையாளும் விதத்துக்குத் தனியாகவும் மதிப்பெண் தருகிறது அது.

இந்தப் பிரிவினைதான் பட்டியலின் பெரிய பலம். உட்காரும் செயலையே எடுத்துக்கொள்வோம். வாக்கரோடு முழுவதுமாகத் திரும்ப வேண்டும். காலின் பின்புறம் நாற்காலி படும்வரை பின்னே வர வேண்டும். இரண்டு பிரேக்கையும் பூட்டி, கையை நாற்காலிக்கு மாற்றி, மெல்ல அமர வேண்டும். கால் வலுவாக உள்ள ஒருவர், வாக்கரை இரண்டடி தள்ளியே விட்டுவிட்டு நாற்காலியை எட்டிப் பிடிப்பதுண்டு. அவருடைய பிரச்சினை தசையில் இல்லை. அவருக்கு வேண்டியது அந்த வரிசையைத் திரும்பத் திரும்ப, தவறவிடாமல் பழக்குவது. பிரேக்கை ஒழுங்காகப் பூட்டியும் எழ முடியாமல் தவிப்பவருக்கோ தொடைத் தசைப் பயிற்சி. விநாடிக் கணக்கு இவ்விருவரையும் பிரித்துக் காட்டாது. 1986இல் நம்பப்பட்ட கண், எதைப் பார்க்க வேண்டும் என்ற தெளிவோடு மதிப்பீட்டுக்குள் மறுபடி வந்திருக்கிறது.

நம் ஊர் சர்ஜிக்கல் கடைகளில் பெரிதும் கிடைக்கும், மடக்கக்கூடிய அலுமினிய வாக்கருக்கு இந்தப் பட்டியலை அப்படியே பொருத்த முடியாது. அதில் பிரேக்கே இல்லை. நான்கு காலும் தரையில் பதிந்தபின் அடி எடுத்து வைக்கிறாரா, சட்டத்தைக் கைக்கெட்டாத தூரத்தில் வைக்கிறாரா, குளியலறைப் படியில் அதை எப்படி இறக்குகிறார், எழும்போது நாற்காலியை ஊன்றாமல் வாக்கரையே இழுக்கிறாரா என்பவை அதற்குரிய செயல்களாக வரையறுக்கப்பட வேண்டும். மறதிநோய் முற்றிக்கொண்டே போவது என்பதால், ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணை வைத்தே நெடுநாள் ஓட்டவும் முடியாது.