எண்மரால் எழுந்த திருச்சபை

1867 சனவரி முதல் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்கு ஊராகிய ஒங்கோலில், எண்மர் கூடி ஒரு பாப்திஸ்து திருச்சபையை நிறுவினர். முந்திய ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜான் கிளஃப் அதன் போதகர். ஆயினும், அதனைச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றவர் தோல் தொழில் புரிந்த மாதிகா குலத்து எர்ரகுண்ட்லா பெரியா ஆவார். அம்மாதமே அவருடைய ஊரில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

மாதிகரைச் சேர்ப்பின் தாங்கள் வாரோம் என்றனர் மேல்சாதியார்; மிஷன் பள்ளியிலிருந்து தம் பிள்ளைகளையும் நிறுத்திக் கொண்டனர். கிளஃப் மாதிகரைக் கைவிடவில்லை.

1876–78இல் பெரும் பஞ்சம் தாக்கியது. பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை ஏற்று, கிளஃப் பசித்தோர்க்கு வேலையும் கூலியும் தந்தார். ஆனால், சோற்றுக்காகச் சேர்ந்தனர் என்னும் பழி நேராதிருக்க, 15 மாதங்கள் எவருக்கும் ஞானஸ்நானம் வழங்கவில்லை. உதவி நின்ற பின்னரும் மக்கள் திரண்டு வந்தனர். 1878 சூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றங்கரை வெள்ளம்பள்ளியில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அதனை வழங்கியோர் ஆறு இந்தியப் போதகர்கள். அவ்வாண்டு முடிவதற்குள் சேர்ந்தோர் 9,000க்கும் மேற்பட்டோர்.

சோற்றுக்கு விலைபோனவர் என்று ஒடுக்கப்பட்டோரை இகழ்வார்க்கு அப்பதினைந்து மாதங்களே விடை. அவர்கள் வேண்டியது மானம். கூலி உழைப்பால் வந்தது. நம்பிக்கை உள்ளத்தால் வந்தது. இரண்டையும் கலவாது காத்ததே அத்திருச்சபையின் பெருமை.

இளைஞர்காள்! நம் சங்கமும் சிலரால் தொடங்கப்பெற்றதே. தொகை சிறிதென்று தயங்காதீர். பெரியாவைப் போல், கற்றதைச் சேரிதோறும் கொண்டு செல்லுங்கள்.