மகமையும் வங்கியும்

சிறு வணிகர்க்குக் கடன் கிடைத்த வரலாற்றை வங்கிகளின் தோற்றத்திலிருந்து தொடங்குதல் பெருவழக்கு. தென்பாண்டி நாட்டைப் பொறுத்தவரை அவ்வழக்கு முற்றும் பொருந்துவதன்று. வங்கிக்கு முன்பே ஆங்கு நிலவிய மகமை என்னும் அமைப்பினை ஈண்டு ஆராய்வோம்.

19-ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நிலைபெற்றனர். வண்டிகளுக்கும் சரக்குகளுக்கும் காவலாகப் பேட்டைகளை அமைத்தனர். வணிகர் கைமாற்றும் சரக்கின்மீது ஒரு சிறு தொகை பொதுநிதிக்குச் சென்றது. அதுவே மகமை. கோயில், கிணறு, பள்ளி முதலியன அதனால் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அதற்குத் தக்க சான்றாகும்.

மகமை அறத்தின்பாற்பட்டது, கடன் கொடுக்கும் பொருட்டு எழுந்ததன்று. ஆயினும், சரக்கின் அளவிற்கேற்பத் தண்டப்பட்டமையால், யார் எவ்வளவு விற்றார், யார் தவறாது செலுத்தினார் என்பவற்றை ஊரார் அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் துணிபு. அவ்வறிவே நாணயத்தின் அளவுகோல்.

அக்காலப் பெருவங்கிகளிடம் அவ்வளவுகோல் இல்லை. 1843-இல் தோன்றிய சென்னை வங்கியை 1876-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. அதன்படி நிலம், வீடு ஆகியவற்றை ஈடாகக் கொண்டு கடன் தரலாகாது. தனியொருவர் கையொப்பத்தை மட்டும் நம்பியும் தரலாகாது. கடைக்காரரோ அறுவடைக் காலத்தில் சரக்கு வாங்குதல் வேண்டும். அது விற்ற பின்னரே பணம் மீளும். இவ்விடைக்காலத்திற்கு அவர்க்காக இரண்டாம் கையொப்பம் இடுவார் யார்? அறிந்தவரே இடுவர்.

நாடார் மகாஜன சங்கம் 1910-இல் தோன்றியது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பெற்றது. மூன்று மாகாண வங்கிகளும் இணைந்து இம்பீரியல் வங்கியானதும் அவ்வாண்டிலேயே என்பது நோக்கற்பாலது. ஒருபால் பெருவங்கிகள் ஒன்றாக, மறுபால் ஊரறிவு நிறுவன வடிவம் பெற்றது.

இதன் குறையையும் மறைத்தலாகாது. ஒரு குழுவினர்தம் அறிவு அக்குழுவினர்க்கே முதற்கண் துணையாகும். வட்டத்திற்கு வெளியே நின்ற கைவினைஞர் எத்துணை நேர்மையுடையராயினும் அறியப்படாதவரே. 1962-இல் அவ்வங்கி தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. அம்மாற்றத்தை அவ்வட்டம் விரிந்ததன் அடையாளமாகக் கொள்ளலாம்.

ஈடு காட்ட இயலாத சிறுதொழிலர்க்காக, நடுவணரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் 2000-ஆம் ஆண்டில் கடன் உத்தரவாத நிதியம் ஒன்றை அமைத்தன. முன்னர் ஊரார் இட்ட இரண்டாம் கையொப்பத்தை இன்று அரசு இடுகின்றது எனலாம். அரசின் பிணை வட்டத்தைக் கடந்து செல்லும். ஆனால் ஆளை அறியாது. மகமை ஆளை அறிந்தது, வட்டத்தைக் கடந்திலது. இவ்விரண்டும் ஒருங்கு கூடுமிடத்தே சிறு வணிகர்க்குக் கடன் எளிதாகும் என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபு.